காலை ரத்தம்

டெஸ்டோஸ்டீரோன் பார்க்க வேண்டும் என்று மத்தியானத்தில் சீட்டை நீட்டுகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். வந்த காசை வேண்டாம் என்கிற லேப்காரனை போடிநாயக்கனூரில் இப்போதுதான் பார்க்கிறேன் என்று பக்கத்துக் கடைக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். அந்த ஹார்மோன் விடியற்காலையில் ரத்தத்தில் ஏறி நிற்கும், பொழுது ஏற ஏற இறங்கும். இளவயதுக்காரர்களிடம் இந்த இறக்கம் இன்னும் அதிகம். காலையில் 400 காட்டுகிற பையனுக்கே சாயங்காலம் எடுத்தால் 300-ஐ ஒட்டி வரலாம். அந்த 300-ஐக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் டெஸ்டோஸ்டீரோன் ஊசிக்குக் கிளம்பிவிட்டால், அதற்குப் பிறகு நடப்பதற்கெல்லாம் நான் எடுத்த ரத்தம்தான் தொடக்கம்.

அதனால் 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில். வழியில் ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அளவு குறைந்து காட்டும். முந்தின இரவு சரியாகத் தூங்கியிருக்க வேண்டும். காய்ச்சல் வந்து எழுந்தவர் என்றால் ஒரு மாதம் போகட்டும் என்பேன். டெங்குக் காய்ச்சலில் படுத்து எழுந்த ஆணுக்கு இந்த எண் தரையில் கிடக்கும், உடம்பு தேறினால் தானே ஏறிவிடும். எல்லாம் சரியாக இருந்து குறைவாக வந்தாலும், இன்னொரு நாள் காலையில் மறுபடி எடுக்க வேண்டும். இரண்டு காலை, இரண்டு சாம்பிள். இது நான் போட்ட விதியில்லை, எண்டோகிரைன் மருத்துவர்களின் வழிகாட்டிகள் எல்லாமே இதைத்தான் சொல்கின்றன.

போடியில் இதைச் சொல்வது சுலபம், நடத்துவது கஷ்டம். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இருட்டோடு போடிமெட்டு ஏறிவிடும். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் மருந்தடிக்கவும் கவாத்து வெட்டவும் போகிற ஆண்களுக்கு எட்டு மணிக்கு லேப்பில் உட்கார நேரம் ஏது? ஒரு காலை என்பது ஒரு நாள் கூலி. குரங்கணியிலிருந்தும் அதற்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்தும் வருகிறவர்களுக்கு இறங்கி வருவதே பாதி நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கடையைத் திறந்து வைத்திருப்பது இவர்களுக்காகத்தான்.

வருகிறவர்கள் வெளிப்படையாகக் கேட்பதில்லை. சீட்டை நாலாக மடித்து நீட்டி, "சுகரோட சேத்து இதையும் பாத்துருங்கண்ணே" என்பார்கள். ரிப்போர்ட்டை ஒட்டிய கவரில் கேட்பார்கள். தெரிந்த ஆள் உள்ளே வந்துவிட்டால் கொலஸ்ட்ரால் பார்க்க வந்ததாகப் பேச்சு மாறும். சின்ன ஊர், வெட்கம் புரிகிறது. ஆனால் இந்த வெட்கத்தை நம்பித்தான் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் அந்தச் சுவரொட்டிகள் பிழைக்கின்றன. எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் தங்குவார் என்று அச்சடித்து, ஆண்மைக்குறைவுக்கு நிரந்தரத் தீர்வு என்று ஒட்டியிருப்பார்களே, அவைதான். இப்படிப்பட்ட விளம்பரங்களுக்கு 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை விதித்திருக்கிறது. சுவருக்கு அது தெரியவில்லை.

லாட்ஜ் வைத்தியர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பாரிஸில் பெரிய பேராசிரியராக இருந்த பிரௌன்-செக்கார் 1889-இல், தன் 72-ஆவது வயதில், நாயின் விதையையும் கினிப்பன்றியின் விதையையும் பிழிந்த சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது என்று சபையில் அறிவித்தார். அந்தச் சாற்றில் ஹார்மோன் அநேகமாக இருந்திருக்காது, அது தண்ணீரில் கரைகிற சரக்கில்லை. அவருக்கு வந்த தெம்பு நம்பிக்கையின் தெம்பு. நிஜமான சரக்கைப் பிரித்தெடுத்தது 1935-இல், ஆம்ஸ்டர்டாமில் லாக்கரின் குழு. 100 கிலோ காளை விதையிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது 10 மில்லிகிராம். அதே வருடம் புட்டெனாண்ட், ருசிக்கா என்ற இருவர் தனித்தனியே அதைச் செயற்கையாகச் செய்து காட்டினார்கள். இருவருக்கும் 1939-இல் நோபல் பரிசு. ஆரோக்கியமான ஆணின் உடம்பு ஒரு நாளைக்குச் செய்வதும் சில மில்லிகிராம்தான். மருந்துக் கடையில் கிடைக்கிற ஒரு ஆம்பூலில் 250 மில்லிகிராம் இருக்கிறது. இந்தக் கணக்கைச் சொன்னால் சில பேர் யோசிக்கிறார்கள்.

நான் மருத்துவன் இல்லை. ரத்தம் எடுக்கிறவன், எண்ணைச் சொல்கிறவன். ஆனால் இத்தனை வருடத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டேன். இந்த மருந்து நிஜமாகத் தேவைப்படுகிறவர் அதைக் கேட்டு வருவதில்லை. கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதில்லை.

குரங்கணிக்குக் கீழே ஒரு இலவந்தோப்பில் காவலுக்கு இருந்தவரைச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குக் குரங்கணி என்றால் 2018 மார்ச் 11-ஆம் தேதி மலையேறப் போனவர்களைச் சுட்ட காட்டுத்தீதான் நினைவுக்கு வரும். எங்களுக்கு அது கொட்டகுடி ஆறு, மாமரம், இலவம் பஞ்சு, காப்பி, மிளகு. கூடவே பாம்பு. அவரைக் கடித்தது கண்ணாடி விரியன். ரத்தம் உறையாமல் போய், சிறுநீரகம் நின்று, டயாலிசிஸ் செய்து, வீடு திரும்பியபோது ஊரே பிழைத்து வந்தவனைப் பார்க்க வந்தது. அப்போது அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்.

சில வருடம் கழித்து என்னிடம் சோடியம் பார்க்க வந்தார். சதா அசதி, குளிர் தாங்கவில்லை, பசி இல்லை, எழுந்தால் தலை சுற்றல். "அந்த விஷம் இன்னும் முழுசா இறங்கலைண்ணே" என்றார். ரப்பரைக் கட்டி நரம்பைத் தேடும்போது முகத்தைப் பார்த்தேன். மீசை மெலிந்திருந்தது, தாடை வழுவழுப்பாக, கண்ணோரம் மட்டும் மெல்லிய சுருக்கங்கள். எப்போது சவரம் செய்தீர்கள் என்று கேட்டதற்கு யோசித்துவிட்டு, "தேவைப்படலையே" என்றார். சோடியம் மிகவும் குறைவாக வந்தது. அனுப்பிய மருத்துவர் இளையவர், படிக்கிற பழக்கம் உள்ளவர். பாம்புக்கடியைப் பற்றித் தோண்டிக் கேட்டுவிட்டு மறுநாளே காலை ரத்தத்துக்கு நீளமான சீட்டு அனுப்பினார். கார்டிசால், தைராய்டு, புரோலாக்டின், டெஸ்டோஸ்டீரோன், எல்.எச்., எஃப்.எஸ்.எச்.

சீரத்தைப் பிரித்து, ஐஸ் வைத்துக் கட்டி, மதுரை பஸ்ஸில் ஏற்றினேன். டெஸ்டோஸ்டீரோன் கிட்டத்தட்ட இல்லை. கார்டிசால் தரையில். ஆனால் விதையைத் தூண்டுகிற எல்.எச். ஏறவே இல்லை. விதை பழுதான ஆணுக்கு மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி எல்.எச்.-ஐக் கூட்டிக் கூட்டி அனுப்பும். இவருக்கோ கங்காணியே வராத தோட்டம் மாதிரி எல்லாச் சுரப்பியும் சும்மா உட்கார்ந்திருந்தது. கண்ணாடி விரியனின் விஷம் சிலருக்கு இந்தப் பிட்யூட்டரிக்குள் ரத்தம் கசிய வைத்து, உறைய வைத்து, அதைக் கொன்றுவிடுகிறது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அதிக ரத்தம் போனால் வருகிற ஷீஹன் நோயைப் போன்ற கதை. கேரளத்து மருத்துவர்கள் 1970-களிலும் பர்மாவில் 1980-களிலும் எழுதி வைத்த விஷயம் இது. கடித்த வாரத்திலேயே தெரியலாம், வருடங்கள் கழித்தும் தெரியலாம். தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக 2024-இல் அறிவித்தார்கள். கடித்துப் பிழைத்தவர்களுக்குச் சில வருடம் கழித்து ஒரு காலை ரத்தம் எடுக்கவும் வழி செய்தால், நான் பார்த்த இந்த ஆளைப் போல இன்னும் எத்தனை பேர் வெளியே வருவார்களோ.

இங்கே பாதுகாப்பு என்பது வரிசை. டெஸ்டோஸ்டீரோன் இல்லை என்று தெரிந்ததும் முதலில் அதைக் கொடுக்கவில்லை. கார்டிசாலுக்குப் பதில் மாத்திரை முதலில். அது ஏறிய பிறகுதான் தைராய்டு மாத்திரை. வரிசை மாறித் தைராய்டு முன்னால் போனால் இருக்கிற கொஞ்சம் கார்டிசாலும் கரைந்து ஆளைச் சாய்த்துவிடும். கடைசியில் ஆண் ஹார்மோனுக்கு வந்தபோதும் மதுரை மருத்துவர் கொடுக்க மறுத்துவிட்டார். காரணம், அந்த வீட்டில் இன்னும் குழந்தை இல்லை. பிட்யூட்டரி அனுப்ப வேண்டிய ஹார்மோன்களையே வாரத்துக்குச் சில ஊசிகளாக மாதக்கணக்கில் போட்டு, விதையைத் தானே வேலை செய்ய வைத்தார்கள். செலவுக்கு இரண்டு ஆடும் கொஞ்சம் நகையும் போயின. பெண் குழந்தை பிறந்தது. அதற்கப்புறம்தான் டெஸ்டோஸ்டீரோன் ஊசிக்கு மாறினார்கள்.

குழந்தை ஆசை உள்ளவருக்கு ஆண் ஹார்மோன் கொடுக்கக் கூடாது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆண்மை மருந்து எப்படி மலடாக்கும்? வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி தன் வேலையை நிறுத்திவிடும். எல்.எச்., எஃப்.எஸ்.எச். விழும், விதைக்குள்ளே விந்தணு உற்பத்தி நிற்கும், விதையும் சுருங்கும். உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டீரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே பல நாடுகளில் சோதித்துப் பார்த்து 1990-இல் முடிவை வெளியிட்டது. கருத்தடையாக அது நன்றாகவே வேலை செய்தது.

இதைத் தெரியாமல் போட்டுக்கொண்ட ஒரு ஜிம் பையன் கல்யாணமான மறு வருடம் விந்துப் பரிசோதனைக்கு வந்தான். தோள்கள் கதவை அடைத்தன. மைக்ரோஸ்கோப்பில் ஒரு அணுகூட இல்லை. சாம்பிளைச் சுழற்றி, அடியில் படிந்ததை எடுத்து மறுபடி பார்த்தேன், அப்போதும் இல்லை. எல்.எச். எண் மிஷின் அளக்கக்கூடிய கடைசி எல்லையில் நின்றது. பவுடர் டப்பாவோடு ஒரு ஆம்பூலும் சேர்த்து விற்ற மாஸ்டர் "இது வைட்டமின் மாதிரிதான்டா" என்று சொன்னாராம். ஆம்பூலின் அட்டையில் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சிவப்பில் அச்சடித்திருக்கும், அட்டவணை எச் மருந்து அது. அந்தப் பையனுக்கு மருத்துவர் ஊசியை நிறுத்திவிட்டு, திரும்பி வர மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும் என்றார். நிறுத்தியதும் வருகிற சோர்வு கொடுமையானது. சொந்தச் சரக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை, வந்த சரக்கு நின்றுவிட்டது. அந்தச் சமயத்தில்தான் பாதிப் பேர் மறுபடி ஊசிக்குப் போகிறார்கள். இவன் போகவில்லை, அவன் மனைவி விடவில்லை.

இன்னொரு வகை, கையில் காசு புரளும் நடுவயது. 2019-இல் ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்டபோது ஊரில் புதுக் கார்களோடு வேறு சில புதுப் பழக்கங்களும் வந்தன. ஐம்பதைத் தாண்டிய வியாபாரி, தொப்பை, சுகர், வீடே அதிரும் குறட்டை. இவர்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். அதில் பாதி உண்மை, பாதி கணக்குப் பிழை. உடம்பு பெருத்தால் அந்த ஹார்மோனை ரத்தத்தில் சுமந்து திரிகிற எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் குறையும், மொத்த அளவும் அதோடு குறைந்து காட்டும். அந்தப் புரதத்தையும் அளந்து, கட்டில்லாமல் திரிகிற ஹார்மோன் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் பல பேருக்குச் சரியாகவே இருக்கும். பத்துக் கிலோ எடை குறைத்தாலே எண் மேலே வரும். ஆனால் நடப்பதைவிட ஊசி சுலபம்.

அப்படி ஒருவர் யாரோ சொல்லி மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்று போட்டுக்கொண்டிருந்தார். சுகருக்கு வந்தவரிடம் ரத்தம் உறிஞ்சும்போதே சிரிஞ்சில் அது கருத்துக் கனமாக வந்தது. முகம் செக்கச்செவேல் என்று, கண்ணிலும் சிவப்பு. ஊதா மூடி டியூபையும் ஓட்டிப் பார்த்தேன், பி.சி.வி. 57. ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்பதுதான் பி.சி.வி. டெஸ்டோஸ்டீரோன் எலும்பு மஜ்ஜையைத் தூண்டி அதை ஏற்றும். ஏற்றுவதில் ஊசி முதலிடம், ஜெல் அவ்வளவு இல்லை. குறட்டைவிட்டு மூச்சு முட்டித் தூங்குகிறவருக்கு ஏற்கெனவே ஏறியிருக்கும், இது அதன்மேல் ஏறும். 54-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை. அன்றைக்கே அவருடைய மருத்துவருக்குப் போன் செய்தேன். அந்த எண்ணைக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆரம்பிக்கும் முன்பே பி.சி.வி. 48-க்கு மேல் இருந்தால் டெஸ்டோஸ்டீரோன் தொடங்காதே என்கிறது எண்டோகிரைன் சொசைட்டியின் 2018 வழிகாட்டி. உயரமான இடத்தில் வாழ்கிறவர்களுக்கு மட்டும் 50. இதைப் படித்தபோது எங்கள் மலைக்காகவே எழுதிய வரி போலத் தோன்றியது. 7000 அடிக்கு மேலே கொழுக்குமலைத் தேயிலைக் காட்டில் இருக்கிறவருக்கும் அடிவாரத்தில் இருக்கிறவருக்கும் ரத்தம் ஒரே கெட்டியாக இருக்காது. அதிலிருந்து மலைக்காரர்களின் ரிப்போர்ட்டில் வசிக்கிற இடத்தையும் எழுதி அனுப்புகிறேன். தொடங்கிய பிறகு மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் ஒரு முறை, ஒரு வருடம் ஆனதும் ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை பி.சி.வி. பார்க்க வேண்டும். நடுவயதைத் தாண்டியவர்களுக்குத் தொடங்கும் முன் பி.எஸ்.ஏ.வும் உண்டு. அது 4-க்கு மேல் என்றால் முதலில் புராஸ்டேட்டைப் பார்க்கிறவரிடம் போக வேண்டும்.

மருந்து எடுக்கிறவரிடம் எப்போது ரத்தம் எடுப்பது என்பது தனிப் பாடம், இதில்தான் லேப்கள் கோட்டை விடுகின்றன. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போடுகிறவருக்கு இரண்டு ஊசிக்கும் நடுவில் எடுக்க வேண்டும். ஊசி போட்ட மறுநாள் எடுத்தால் மலை உச்சி தெரியும், அடுத்த ஊசிக்கு முந்தின நாள் பள்ளம் தெரியும். விளக்கெண்ணெயில் கரைத்து வருகிற 1000 மில்லிகிராம் ஊசி மூன்று மாதம் தாங்கும். அதற்கு அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால். அந்த 4 மில்லியை இடுப்புச் சதையில் இரண்டு நிமிடம் பிடித்து மெதுவாக ஏற்ற வேண்டும், ஏற்றியபின் அரை மணி நேரம் ஆளை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போனால் திடீர் இருமலும் மூச்சுத்திணறலும் வரும். இன்னொரு பழைய கலவை ஊசி கடலை எண்ணெயில் வருகிறது, கடலை ஒத்துக்கொள்ளாதவருக்கு அது ஆகாது.

ஜெல் தடவுகிறவர் வந்தால் எந்தக் கையில் தடவினீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். ஜெல் தடவிய தோலைக் குத்தி எடுத்த ரத்தத்தில் அந்த ஜெல்லும் சேர்ந்து வந்து எண் வானத்துக்குப் போகும். மருத்துவர் அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடுவார். தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சட்டை போட்டு மூட வேண்டும், தோளில் பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. சின்னக் குழந்தைக்கு அது ஒட்டினால் வயதுக்கு வரும் முன்பே முடி முளைக்கும். அப்புறம் முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை தின்கிறவர்கள். சில மிஷின்களில் அந்த மாத்திரை டெஸ்டோஸ்டீரோனைக் கூட்டியும் எல்.எச்., பி.எஸ்.ஏ. போன்றவற்றைக் குறைத்தும் பொய்யாகக் காட்டும். சில நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்வேன்.

மருந்து இதயத்தைக் கெடுக்குமா என்று கேட்பவர்களுக்கு 2023-இல் ஓரளவு பதில் கிடைத்தது. டிராவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வில் 45 வயதிலிருந்து 80 வரை 5000-க்கு மேற்பட்ட ஆண்கள். எல்லோருக்கும் இதய நோயோ அதற்கான ஆபத்தோ உண்டு. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை மருந்து ஜெல் பூசியவர்களுக்கு 7.0 சதவீதம், மருந்தில்லாத வெறும் ஜெல் பூசியவர்களுக்கு 7.3. ஆபத்து கூடவில்லை. இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக்கட்டியும் மருந்துக்காரர்களிடம் கொஞ்சம் கூடுதல், எலும்பு முறிவும் கூட. இந்தச் செய்தியைக் காட்டி "ஒண்ணும் ஆகாதாம்ல" என்று ஒரு கடைக்காரர் வந்தார். அந்த ஆய்வில் சேர்த்துக்கொண்ட ஒவ்வொருவருக்கும் இரண்டு காலை ரத்தம் 300-க்குக் கீழே வந்திருந்தது, அறிகுறியும் இருந்தது, சேர்ந்த பிறகும் ரத்தம் பார்த்துப் பார்த்து அளவை மாற்றினார்கள். பார்க்காமல் போட்டுக்கொள்கிறவருக்கு அந்த 7.0 பொருந்தாது என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு காலை வெறும் வயிற்றோடு வந்துவிட்டார்.

இப்போது திருநம்பிகளும் வருகிறார்கள். 2008-இல் தமிழ்நாட்டில் திருநர் நல வாரியம் வந்தது முதலே பெரிய ஊர்களில் இவர்களுக்கு ஏதோ ஒரு வாசல் திறந்தது, எங்கள் பக்கம் மெதுவாகத்தான். ஒரு தம்பி மதுரையில் மருத்துவரிடம் முறையாகச் சிகிச்சை எடுத்துக்கொண்டு பரிசோதனைக்கு மட்டும் என்னிடம் வருவான். ஊரில் அவனைப் போலக் கணக்காக வருகிறவர் யாருமில்லை, தேதி தவறாது. சிக்கல் என் கம்ப்யூட்டரில் இருந்தது. ஆதாரில் பெண் என்று இருந்ததால் பதிவிலும் பெண் என்று போட்டோம். ஹீமோகுளோபின், பி.சி.வி. எல்லாம் பெண்களுக்கான அளவோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு முறையும் தடித்த எழுத்தில் கூடுதல், கூடுதல் என்று அச்சாகும். டெஸ்டோஸ்டீரோன் எடுக்கிறவருக்கு ஆணின் அளவைத்தான் பார்க்க வேண்டும், நிறுத்துகிற எல்லையும் அதே 54. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து உள்ளூரில் ஒருவர் ஊசியை நிறுத்தச் சொன்னாராம். சாஃப்ட்வேர் விற்றவரைக் கேட்டேன், அடுத்த பதிப்பில் மாற்றித் தருகிறேன் என்றார், இன்னும் வரவில்லை. அதுவரை பி.சி.வி. 47, ஆண் அளவில் சரி என்று அடியில் கையால் எழுதி, முத்திரை குத்தித் தந்துகொண்டிருக்கிறேன்.